கிணற்றின் கணக்கை யார் எழுதுவது?

இறுப்பிட்டியில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை



அரசியற் கூட்டம் என்று அழைத்துவிட்டுக் கிணற்றைப்பற்றிப் பேசுகிறார்களே என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நாம் பேச வந்தது அரசியலேதான். ஓர் ஊரின் மண்ணும் நீரும் என்ன நிலையில் இருக்கின்றன என்ற கணக்கு எவர் கையில் இருக்கிறதோ, அவர் சொல்லே அவ்வூரைப்பற்றிய முடிவாகிறது. கணக்கு இல்லாதவன் எத்துணை உரக்கப் பேசினும் அவன் பேச்சு முறைப்பாடாகவே கருதப்படும், சாட்சியாகக் கொள்ளப்படமாட்டாது. ஆகவே, இந்தத் தீவகத்தின் நிலத்தையும் நீரையும் இடைவிடாது அளந்து எழுதும் ஓர் ஆய்வு நிலையம் வேண்டும் என்பதையும், அதற்கு வேண்டிய பணம் எவ்வழியில் வரவேண்டும் என்பதையும் உங்கள் முன் வைக்க வந்திருக்கிறோம்.

சட்டத் தொழில் பழகிய நாம் எத்தனையோ காணி உறுதிகளைப் படித்திருக்கிறோம். காணியின் நான்கு எல்லைகளையும் சொல்லி, நிற்கும் பனைகளையும் சொல்லி, கிணற்றில் இவ்வளவு பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் சேரும் என்று எழுதுவது நம் முன்னோர் வழக்கம். பங்கு எட்டில் ஒன்றாயினும் பதினாறில் ஒன்றாயினும் தவறாது எழுதினார்கள். அந்தப் பங்குக்காக நீதிமன்றப் படியேறியவர்களும் உண்டு. ஆனால் அதே கிணற்றில் நீர் எத்தனை முழம் நின்றது, எந்த மாதத்தில் உவர் தட்டியது, பத்தாண்டுக்குமுன் இருந்த நிலை என்ன, இன்றுள்ள நிலை என்ன என்று எழுதி வைத்த ஏடு உங்களில் எவர் வீட்டிலாவது உண்டா? கிணற்றின் பங்கை எழுதினோம். கிணற்றின் கணக்கை எழுதவில்லை. இந்தக் குறையைத்தான் இனித் தீர்க்கவேண்டும்.

நம் தீவுகளின் நீர் எத்தகையது என்பதை விவசாயிகளாகிய உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. ஆறும் இல்லை, மலையும் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 50 அங்குல மழை. அதிற் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி முடிவதற்குள் பெய்து ஓய்ந்துவிடுகிறது. அந்த நீர் மணலூடும் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடும் இறங்கி, அடியிலுள்ள உவர் நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் இலேசானது, கடல் நீர் கனமானது. சென்ற நூற்றாண்டு பிறந்த காலத்திலேயே ஒல்லாந்து நாட்டுக் கீபன் என்பவரும் ஜேர்மனி நாட்டு ஏர்ஸ்பேர்க் என்பவரும் இதற்கு ஒரு கணக்குக் கண்டார்கள். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழ் ஏறக்குறைய நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பதே அக்கணக்கு. இதன் மறுபக்கத்தை எண்ணிப் பாருங்கள். மேலே ஓர் அடியை இறைத்துத் தள்ளினால், கீழே நாற்பது அடி உவர் நீர் மேலேறி வர வழி திறக்கிறோம். துலாவால் இறைத்த காலத்தில் மனிதன் களைத்தான், கிணறு தப்பியது. இயந்திரம் களைப்பதில்லை. உவர் ஒருமுறை ஏறிவிட்டால் அதை இறக்குவதற்கு எத்தனை மாரிகள் வேண்டும் என்பதை ஒரு வருட ஆய்வு சொல்லாது. இரண்டு வருட ஆய்வும் சொல்லாது.

இன்னொன்றையும் துயரத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவக மக்கள் வீடு வாசலை விட்டுப் பெயர்ந்தார்கள். தோட்டங்கள் தரிசாயின, தரவைகள் பற்றையேறின, கிணறுகள் இறைப்பாரின்றிக் கிடந்தன. திரும்பி வந்தவர் சிலர், வராதவர் பலர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மனிதன் கை படாமற் கிடந்த கிணற்று நீர் என்ன ஆயிற்று? இறைப்பு நின்றதால் நன்னீர் பெருகிற்றா? தூர்ந்துபோனதால் பழுதாயிற்றா? பசளை இடாத மண் எப்படி மாறிற்று? எந்தப் பறவை வந்தது, எந்தப் பறவை வராமற் போயிற்று? உலகத்தில் எந்த விஞ்ஞானியும் திட்டமிட்டுச் செய்துபார்க்க முடியாத ஒரு சோதனையை வரலாறு நம் தலையில் சுமத்திற்று. அந்தச் சோதனையின் துன்பம் முழுவதையும் நாம் அனுபவித்தோம். அதன் பாடத்தை எழுதி வைக்க மட்டும் ஒரு குறிப்பேடு இருக்கவில்லை.

கணக்கில்லாமையின் நட்டம் எத்தகையது என்பதைச் சுன்னாகம் நமக்குக் காட்டியது. அங்கே கிணறுகளில் எண்ணெய் கலந்தது என்று மக்கள் கதறினார்கள். ஒரு நிபுணர் குழு ஒன்றைச் சொல்லிற்று. மற்றோர் அறிக்கை வேறொன்றைச் சொல்லிற்று. வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்று, 2019 ஏப்ரல் 4 ஆம் நாள் தீர்ப்பு வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்காக 2 கோடி ரூபாவை மின் உற்பத்தி நிறுவனம் செலுத்தவேண்டும் என்று மன்று கட்டளையிட்டது. தீர்ப்பை வரவேற்கிறோம். ஆயினும் இத்தகைய வழக்குகளில் முதலில் எழும் வினா எது? "இந்த நீர் முன்பு எப்படி இருந்தது?" என்பதே. வாதி அதற்கு விடை சொல்லவேண்டும். ஐம்பது ஆண்டுக் கணக்கேடு ஒன்றை மேசைமேல் வைக்கக்கூடியவனுக்கு வழக்குப் பாதி வென்றதாகும். "எங்கள் பாட்டனார் காலத்தில் இளநீர்போல் இருந்தது" என்று மட்டுமே சொல்லக்கூடியவன் எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் குறுக்கு விசாரணையில் படும் பாட்டை நாம் கண்ணாற் கண்டிருக்கிறோம்.

இத்தகைய நெடுங்கணக்கினால் உலகம் என்ன பயன் கண்டது? இரண்டு உதாரணங்களை மட்டும் கூறுகிறோம்.

அமெரிக்காவில் ஹபார்ட் புரூக் என்ற காட்டுப் பகுதியை 1955 ஆம் ஆண்டில் ஆய்வுக்கென ஒதுக்கினார்கள். 1963 முதல் அங்கு பெய்யும் மழையையும் ஓடும் ஓடையையும் விடாது அளந்தார்கள். தொழிற்சாலைப் புகையால் மழையே அமிலமாகிவிட்டது என்ற உண்மை அங்கே வெளிப்பட்டது. ஓராண்டு அளந்திருந்தால் அது ஒரு விநோதச் செய்தியாக முடிந்திருக்கும். கால் நூற்றாண்டுக்கு மேல் அளந்தபடியால், 1990 ஆம் ஆண்டில் அந்நாட்டுக் காற்றுத் தூய்மைச் சட்டத்தைத் திருத்தும் நேரத்தில் அது மறுக்கவொண்ணாத சான்றாக நின்றது. இதன் பெறுமதியை உணர்ந்துதான் 1980 ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான நிறுவனம் ஆறு இடங்களைத் தெரிந்து நீண்டகாலச் சூழலியல் ஆய்வுக்கெனப் பணம் ஒதுக்கத் தொடங்கிற்று.

மற்றது, ஹவாய்த் தீவின் மவுனலோவா மலை. சார்ள்ஸ் கீலிங் என்ற அறிஞர் 1958 ஆம் ஆண்டில் அங்கே காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். அன்று பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 315 பங்கு. 2024 ஆம் ஆண்டில் அது 420ஐத் தாண்டிவிட்டது. உலகம் வெப்பமடைகிறது, கடல் உயர்கிறது என்று இன்று நாடுகள் கூடிப் பேசுவதற்கு அடிப்படையான சான்றுகளுள் இந்த ஏடும் ஒன்று. ஆயினும் 1964 ஆம் ஆண்டில் அரசாங்கம் செலவை வெட்டியபோது அந்த அளவீடு சில மாதங்களுக்கு நின்றே போயிற்று. உலகத்திலேயே செல்வம் மிக்க நாட்டில், ஒரு மனிதனுக்கும் ஒரு கருவிக்கும் படியளக்கப் பணமில்லை என்றார்கள்! அந்த மாதங்களின் இடைவெளி அவ்வேட்டில் இன்றும் வெறுமையாகவே கிடக்கிறது. எத்தனை கோடி கொட்டினாலும் அதை இனி நிரப்ப முடியாது. இடிந்த பாலத்தைத் திரும்பக் கட்டலாம்; அளக்காமல் விட்ட மாதத்தைத் திரும்ப அளக்க முடியாது.

பெரியோர்களே! இங்குதான் நிதியைப்பற்றிய சிக்கல் எழுகிறது. பணம் கொடுப்பவர்களின் வழக்கம் என்ன? மூன்று ஆண்டுத் திட்டம் என்பார்கள். முதலாம் ஆண்டு கருவி வாங்குவதிற் போகும். இரண்டாம் ஆண்டு அளப்பார்கள். மூன்றாம் ஆண்டு அறிக்கை எழுதுவார்கள். அறிக்கை வெளியான மறுநாள் பணம் நின்றுவிடும், அளந்த இளைஞன் வேறு வேலை தேடிப் போவான், கருவி துருப்பிடிக்கும். சில ஆண்டு கழித்து இன்னொரு திட்டம் வரும். வேறு கிணறு, வேறு கருவி, வேறு முறை. முன்னையதை அதனோடு ஒப்பிடமுடியாது. செலவழிந்த பணத்தைக் கூட்டினால் பெருந்தொகை. மிஞ்சிய அறிவைக் கூட்டினால் சிறு தொகை. அரசியல்வாதிகளாகிய நம்மீதும் குற்றம் உண்டு. அடிக்கல் நாட்டவும் நாடா வெட்டவும் நாம் ஓடோடி வருகிறோம். பத்தொன்பதாவது ஆண்டும் அதே கிணற்றை அதே நாளில் ஒருவன் அளந்தான் என்பதற்கு எந்தத் தலைவன் மாலை சூட்டியிருக்கிறான்?

மண்டைதீவைப் பாருங்கள். 2025 செப்டெம்பரில் அங்கே அனைத்துலகத் துடுப்பாட்ட அரங்கொன்றுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சதுப்பு நிலத்துக்கும் கண்டற் காட்டுக்கும் பறவைகளுக்கும் கேடு வரும் என்று சூழல் ஆர்வலர்கள் ஆட்சேபித்தார்கள். எமது இளைஞர்களுக்கு அரங்கு வேண்டும் என்று மற்றவர்கள் கூறினார்கள். இந்தப் பிணக்கில் நாம் இன்று தீர்ப்புக் கூற வரவில்லை. அந்தக் கரையின் நீரையும் மரத்தையும் பறவையையும் இருபது முப்பது ஆண்டுகளாக எழுதி வந்த ஓர் ஏடு இரு தரப்பார் முன்னிலையிலும் விரிந்து கிடந்தால், பேச்சு எத்துணை வேறாக இருந்திருக்கும் என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கும்படி கேட்கிறோம். நெடுந்தீவின் ஒரு பகுதியை 2015 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக வர்த்தமானியில் அறிவித்தார்கள். வர்த்தமானியில் வரும் ஒரு பக்கம் குதிரையைப் பெருக்குவதுமில்லை, புல்லை வளர்ப்பதுமில்லை. காவலோடு கணக்கும் வேண்டும்.

இலங்கையில் இத்தகைய நீண்டகால ஆய்வு நடக்காமலில்லை. பொலன்னறுவைக் குரங்குகளை 1968 முதல் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து வருகிறார்கள். சிங்கராசக் காட்டில் 1993 ஆம் ஆண்டில் பேராதனைப் பல்கலைக்கழக அறிஞர்கள் வெளிநாட்டு நிறுவனங்களின் துணையோடு 25 ஹெக்டேயர் நிலத்தைக் குறித்து, அதிலுள்ள இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மரங்களுக்கும் செடிகளுக்கும் இலக்கமிட்டுக் காலந்தோறும் அளந்து வருகிறார்கள். கடலுக்கு அப்பால், நீலகிரி மாவட்டத்து முதுமலையில் 1988 ஆம் ஆண்டு முதல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தினர் 50 ஹெக்டேயர் காட்டில் இதே பணியைச் செய்கிறார்கள். இவற்றைப் பாராட்டுகிறோம். மலையும் மழைக்காடும் பெறுகின்ற கவனத்தைச் சுண்ணாம்புக்கல் தீவும் பெறவேண்டும் என்பதே எமது கோரிக்கை. ஏனெனில், கடல் உயரும்போது முதலில் நனைவது மலையல்ல.

இனிப் பணம் வரும் வழி. இதற்கு இரண்டு வழிகளை வரலாறு காட்டியிருக்கிறது.

ஒன்று தீர்வை. தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925 ஆம் ஆண்டில் தோன்றியது. தென்னை ஆராய்ச்சிக்கு 1929 ஆம் ஆண்டில் நிறுவனம் வந்தது. இவை எவருடைய தயவிலும் தொடங்கவில்லை. ஏற்றுமதியாகும் தேயிலைமீதும் தெங்குப் பொருள்மீதும் சட்டப்படி ஒரு சிறு தீர்வை விதித்து, அதை ஆராய்ச்சிக்கென்றே வைத்தார்கள். வருடா வருடம் நிதி அமைச்சரின் முகம் பார்த்துக் கையேந்தும் நிலை அன்று இருக்கவில்லை. பயிரிலிருந்து வருவாய் பெறுவோர் பயிரைப்பற்றிய அறிவுக்கும் பணம் கொடுக்கவேண்டும் என்பதே அதன் நியாயம். அந்த நியாயம் தண்ணீருக்கும் பொருந்தாதா? நிலக்கீழ் நீரை இறைத்து விற்போரும், அதைக்கொண்டு பெருந்தொழில் நடத்துவோரும், நீர் வழங்கும் திட்டங்களும் ஒரு சிறு பங்கைக் கணக்கெழுதுவதற்குக் கொடுக்கவேண்டும் என்று சட்டம் செய்தால் என்ன? குடிக்கவும் தோட்டத்துக்கும் இறைக்கும் ஏழை விவசாயி இதில் ஒரு சதமும் கொடுக்கவேண்டியதில்லை என்பதையும் அச்சட்டத்திலேயே எழுதிவைக்கலாம்.

சுற்றாடலைக் காப்பது 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி மாகாணங்களுக்கும் உரிய விடயம். ஆனால் 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் ஆயுள் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காக மக்கள் தெரிந்த சபையின்றி ஆளுநர் வழியாகவே மாகாணம் நடத்தப்பட்டது. நம் கிணற்றின் கணக்குக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் நம் கையில் இருக்கவேண்டும் என்பதும் அரசியல் உரிமைதான்.

மற்றது அறநிதி. இங்கிலாந்தில் றொதம்ஸ்ரெட் என்ற பண்ணையில் 1843 ஆம் ஆண்டு தொடக்கம் ஒரே வயலில் ஒரே முறையில் கோதுமை விதைத்து விளைவை எழுதி வருகிறார்கள். நூற்றெண்பது ஆண்டுக்கு மேலாக அந்தச் சோதனை நடக்கிறது. அதைத் தொடங்கிய ஜோன் லோஸ் என்பவர் செயற்கைப் பசளை செய்து விற்றுப் பொருளீட்டியவர். தமக்குப்பின் ஆய்வு நின்றுவிடக் கூடாதென்று 1889 ஆம் ஆண்டில் ஓர் இலட்சம் பவுணை நம்பிக்கை நிதியாக எழுதிவைத்தார். முதல் கரையாமல் வருவாய் ஆய்வை நடத்தவேண்டும் என்பதே அத்தகைய நிதியின் நோக்கம்.

இது நமக்குப் புதிதா? கோயிலில் நித்திய விளக்கு எரிவதற்கு நம் முன்னோர் என்ன செய்தார்கள்? ஒரு பீப்பா எண்ணெயை வாங்கிக் கொடுத்துவிட்டு, தீர்ந்ததும் பார்க்கலாம் என்று போனார்களா? இல்லை. வயலையும் தென்னந்தோப்பையும் தருமசாதனமாக எழுதிவைத்தார்கள். கொடுத்தவர் மாண்டார், விளக்கு எரிந்தது. அளவீடும் அத்தகைய விளக்கு. ஒரு நாள் அணைந்தாலும் குறை.

சட்டம் இதற்குத் துணை நிற்கிறது. 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் கல்வியையும் அறிவையும் வளர்ப்பதை அறநோக்கமாக ஏற்றுக்கொள்கிறது. தனி மனிதர் நன்மைக்காக ஒரு சொத்தை என்றென்றைக்கும் கட்டிவைக்கச் சட்டம் இடங்கொடாது. பொதுநன்மைக்கான அறநிதிக்கு அத்தடை இல்லை. ஆகவே தீவக ஆய்வு நிதி ஒன்றை இன்றே எழுதலாம். அதில் நான்கு நிபந்தனைகள் இருக்கட்டும். முதலை எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது. பொறுப்பாளர்களில் பல்கலைக்கழகத்தாரும் ஊராரும் விவசாயிகளும் கடற்றொழிலாளரும் இருக்கவேண்டும்; எந்தக் கட்சியாரும் பதவிவழி அமரக்கூடாது, எமது கட்சியாரும் உட்பட. அளந்த எண்கள் யாவும் தமிழில் ஊரறிய வெளியிடப்படவேண்டும். வரவு செலவு ஆண்டுதோறும் கணக்காய்வு செய்யப்படவேண்டும்.

கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் இங்கிலாந்திலும் வாழும் நம் ஊரவர்கள் கோயிலுக்கும் பாடசாலைக்கும் அள்ளிக் கொடுக்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறோம். கோபுரத்துக்குக் கொடுப்பதைக் குறைக்கவேண்டாம். ஆனால் அந்தக் கோயிற் கிணற்றின் நீரைப் பேரப்பிள்ளை வந்து அருந்தவேண்டுமாயின், அதன் கணக்கை எழுதவும் ஒரு பங்கு கொடுங்கள்.

"தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறோம், அளவுகோலைக் கொடுக்கிறீர்களே" என்று ஒரு தாய் எம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. வேலணைச் சாட்டியிலிருந்து பவுசரில் வரும் நீருக்குக் குடத்தோடு காத்திருந்தவர்களின் வேதனையை நாம் மறக்கவில்லை. குடிநீர் வழங்குவது அரசின் கடமை. அதை ஒருநாளும் விட்டுக்கொடோம். 2024 ஓகஸ்டில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல் நீரை நன்னீராக்கும் நிலையம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு திறக்கப்பட்டது. நல்லதே. ஆனால் அந்த நீர் மின்சாரத்தால் வருவது, பணத்தால் வருவது. மழை தரும் நீர் நம் காலடியில் இருக்கிறது. சாட்டி மணலிலிருந்து எவ்வளவு எடுக்கலாம், எவ்வளவுக்கு மேல் எடுத்தால் உவர் ஏறும் என்பதைத் தொடர் அளவு அன்றி வேறெது சொல்லும்? அளவின்றி இறைத்தால், பவுசரில் கொண்டுவருவதற்கும் நன்னீர் இல்லாமற் போகும்.

இதற்குப் பெரிய மாளிகை வேண்டியதில்லை. தெரிந்தெடுத்த பன்னிரண்டு கிணறுகள், ஒரு மழைமானி, உவரளக்கும் கைக்கருவி ஒன்று, அளவு நாடா, கெட்டியான ஏடு, மாதச் சம்பளம் தவறாது பெறும் ஒரு மனிதர், ஆண்டுக்கு இருமுறை நைத்திரேற்று முதலியவற்றைச் சோதிக்கும் ஆய்வுகூடம். கண்டற் கரையில் ஒரு துண்டும் தரவையில் ஒரு துண்டும் குறித்து, மரத்தையும் புல்லையும் பறவையையும் அதே முறையில் எழுதவேண்டும். மனிதர் மாறலாம், முறை மாறக்கூடாது. இவ்வளவே தொடக்கம்.

இளைஞர்களே! நிதி சேரும்வரை காத்திருக்கவேண்டாம். வருகிற பூரணையன்று காலை, இந்த மன்றத்துக்கு அருகிலுள்ள கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து, தேதியிட்டு, இருவர் கையொப்பமிட்டு எழுதுங்கள். அடுத்த அமாவாசையன்றும் எழுதுங்கள். நிதியைச் சேர்ப்பதும், உறுதியை எழுதுவதும், தீர்வைக்காகப் பாராளுமன்றத்திலும் மாகாணத்திலும் போராடுவதும் எமது வேலை. அந்த வேலையில் நாம் தவறினால், அடுத்த கூட்டத்தில் இதே மேடையில் எம்மை நிறுத்திக் கேளுங்கள். நீங்கள் எழுதும் முதல் எண்ணின் பயனை நாமும் நீங்களும் காணாமற் போகலாம். முப்பது ஆண்டு கழித்து இவ்வூருக்காக வழக்காடவரும் ஒரு சட்டத்தரணியிடம், "முன்பு எப்படி இருந்தது?" என்று மன்று கேட்கும்போது, அவர் அந்த ஏட்டைத் திறந்து காட்டட்டும்.